செல்லக்கிளி கேட்டது

ராசிங்காபுரம்
ஐப்பசி 9

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஏதோ இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டெல்லிப் புகையில் நெஞ்சு கட்டிக்கொள்ளாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று அன்றாடம் நினைத்துக்கொள்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதி சொல்வதற்குள் நீ யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவாய், எனக்கு இப்போது யோசனை கேட்கிற தெம்பு இல்லை ஆத்தா, அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைகளின் உரிமைகள் என்று உன் ஆபீசில் படம் போட்டு அச்சடித்த புத்தகத்தை அனுப்பி, நம் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாய் அல்லவா. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் பதினோரு பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்தேன். பள்ளிக்கூடம் போகிற உரிமை, விளையாடுகிற உரிமை, தன்னைப் பற்றிய விஷயத்தில் தானும் வாய் திறந்து பேசுகிற உரிமை என்று பக்கம் பக்கமாகச் சொல்லி, உரிமை என்றால் யாரும் மனசு வைத்துக் கொடுக்கிற இனாம் இல்லை, பிறக்கும்போதே கூட வருவது என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். ஒருவன் தூங்கியே போனான். மேலத்தெரு செல்லக்கிளியின் மகள் மகா மட்டும், எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். அந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செல்லக்கிளியின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். அங்கன்வாடியில் கைக்குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் எட்டாவது படிக்கிற மகா இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் வாசித்து முடித்ததும், "தாத்தா, இதெல்லாம் யாருகிட்டக் கேட்டு வாங்கணும்?" என்றாள். "பக்கத்துல இருக்குற பெரியவங்ககிட்டத்தான் தாயி" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் எட்டரை மணிக்கு அவள் யூனிபாரமும் பையுமாக வந்து, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் மடியில் தம்பியை உட்காரவைத்தாள். "நீங்க பெரியவங்கதான தாத்தா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, நான் எழுந்திருப்பதற்குள் ஓடிவிட்டாள். பையன் பெயர் ஆதித்தன், நல்ல கனம். அன்று முழுக்க அவன் அழுததும் நான் பட்டதும் உன் அம்மாவைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கிய செல்லக்கிளி, கையில் ஏலக்காய்க் கறை கூடக் கழுவாமல் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். "என் மகளுக்கு உரிமை இருக்குன்னு சொன்னீகளாம்ல அண்ணே, அப்ப எனக்கு என்ன இருக்கு? நான் ஒருநா மலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது. பதிமூணு வயசுல உங்க ஜீப்புலதான நானும் மலை ஏறுனேன், அப்ப எங்க போச்சு இந்தப் புத்தகம்?" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டினேன் அனுசியா. ஆள் சரியாக இருக்கிறதா என்று தலையை எண்ணுவேன், எந்தத் தலைக்கு என்ன வயசு என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவளை ஏற்றிப்போனது எனக்கு ஞாபகம் கூட இல்லை. அந்த ஓட்டத்தில்தான் உன்னைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தேன்.

செவ்வாயும் புதனும் மகா பள்ளிக்கூடம் போகவில்லை. வியாழக்கிழமை விடியுமுன் எழுந்து, இடுப்பு வலியோடு மேலத்தெருவுக்குப் போனேன். ஜீப்பு ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. செல்லக்கிளியிடம், "கொண்டாத்தா பிள்ளைய, ஒனக்கு சோலிக்கு நேரமாச்சு" என்று கையை நீட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினாள்.

அன்றிலிருந்து ஆதித்தன் பகலெல்லாம் நம் வீட்டில்தான். மகா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், விட்டுப்போன கணக்குப் பாடத்தில்தான் திணறுகிறாள். நான் ஏதோ பெரிய காரியம் செய்ததாக நினைத்துவிடாதே. "உரிமைய வாசிச்சது நீங்க, பீத்துணி அலசுறது நான்" என்று உன் அம்மா சொல்கிறாள், அது உண்மைதான். அவளுக்கும் முட்டி வீங்கிக் கிடக்கிறது. இரண்டு பேரும் சாயங்காலம் ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். இதற்குள் அதே ஜீப்பில் மலைக்குப் போகிற கருத்தம்மாவும் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்தாள், ஆறாவது படிக்க வேண்டிய அவள் மகளும் பிள்ளை பார்க்க வீட்டில் நிற்கிறாள். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரிண்ணே" என்று அவள் திரும்பிப் போனாள், சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள், என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் ஒரு ஆளும் வேண்டும் என்று பதினாலு பொம்பளைகளிடம் கையெழுத்து வாங்கி, பஸ்சு பிடித்துப் போய் யூனியன் ஆபீசில் மனுக் கொடுத்தேன். இரண்டு தடவை போய்விட்டேன், பார்ப்போம் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் மறுபடியும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாசிப்பதற்கு முன்னால், உங்களைப் போன்ற பிள்ளைகளை நான் ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போயிருக்கிறேன், அது தப்பு என்று சொன்னேன். வாசலில் நின்றிருந்த செல்லக்கிளி உள்ளே வந்து, தரையில் மகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அந்த வெளையாட்டுப் பக்கத்த வெரசா ஓட்டாம நிதானமா வாசிங்கண்ணே" என்றாள். நிதானமாக வாசித்தேன். குனிந்த தலை நிமிராமல் முழுக்கக் கேட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க எங்கள் ஆசி. புத்தகம் இனி அனுப்ப வேண்டாம். அந்த மனுவை யாரிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று விசாரித்து எழுது, மறந்துவிடாதே. கருத்தம்மா மகளுக்கு இந்த வருஷமும் போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
பேச்சிமுத்து