இரண்டு வந்தால் பின்னது

என்னை அதட்டாமல் ஒரு நாளும் இருந்திராத என் அக்காவுக்கு,

குத்தாலத்துல காவிரியில தண்ணி வந்துடுச்சு. குறுவை நட்டாச்சு. நீ இருந்தா இதுக்கே நாலு கேள்வி கேட்டிருப்ப. ஆனா நான் எழுத உக்காந்தது வயலைப் பத்தி இல்ல, உன் முதல் வருஷத் திதியைப் பத்தி.

தஞ்சாவூர்ல உன் கம்ப்யூட்டர்ல நீ எழுதி வச்சிருந்த நாள் பட்டியலை, கயல் என் போனுக்கும் வர்ற மாதிரி பண்ணிக் கொடுத்தா. உன் மகளாச்சே, ஒரு தடவைக்கு மேல சொல்லித்தர மாட்டேங்கறா. அதுல படமும் இல்ல, கட்டமும் இல்ல, வெறும் எழுத்து. எப்பன்னு எழுதி, பக்கத்துல என்னன்னு எழுதினா போதும், அந்தந்த நாளுக்கு அதுவே கூப்பிடுது. 'மாதத்தின் கடைசி வெள்ளி: கேஸ் புக் பண்ண.' 'வாராவாரம் ஞாயிறு: தம்பிக்குப் போன்.' 'மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன், ஆவணி முடிய: ஆஸ்பத்திரி ஊசி.' நீ ஆனியிலேயே கிளம்பிட்டியே அக்கா. அந்த வரியைப் படிச்ச அன்னிக்கு நான் வயலுக்கே போகல.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. அப்பா திதியை எழுதியிருந்த பாரு, அங்கதான் அசந்து போயிட்டேன். இங்கிலீஷ் தேதின்னா இருந்த இடத்துலயே இருக்கும். திதி வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகிட்டே இருக்குமே! பஞ்சாங்கக் கணக்கை அதுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு, 'வைகாசி, வளர்பிறை, தசமி'ன்னு ஒரே வரியில முடிச்சிருந்த. இன்னும் இருபது வருஷம் தள்ளிக் கேட்டாலும் நாளை எடுத்து நீட்டுது. இதை எப்ப உக்காந்து பண்ணின?

அதைப் பார்த்துதான் உனக்கும் எழுதினேன். ஆனி, தேய்பிறை, சதுர்த்தி. அப்பா வரியோட கடைசியில 'இரண்டு வந்தால் பின்னது'ன்னு ஏதோ இருந்துச்சு. எதையும் நீட்டிச் சொல்றது உன் வழக்கம்தானேன்னு அதை விட்டுட்டேன்.

ஆனி முதல் தேதியே உன் திதின்னு போன் சொல்லுச்சு. நாங்களும் அதையே நம்பி, ஐயரைக்கூடக் கேக்கல. கயல் சென்னையிலேருந்து லீவு போட்டுட்டு வந்தா. மேட்டூர்ல திறந்த தண்ணி இன்னும் நம்ம பக்கம் எட்டிப் பாக்கல. பம்ப்செட் தண்ணியைக் குடத்துல எடுத்துப் போய், காஞ்ச மணல்ல நின்னு அவ எள்ளும் தண்ணியும் விட்டா. எனக்கு மனசே ஆறல. காவிரிக் கரையில பொறந்தவளுக்குக் குடத்துத் தண்ணியா?

ஆனிக் கடைசியில போன் மறுபடியும் கூப்பிட்டுச்சு. 'நாளைக்கு அக்கா திதி.' கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, சென்னைக்குக் கயலைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவ அங்கேருந்தே பட்டியல்ல நம்ம அப்பா வரியைத் திறந்து கடைசி மூணு வார்த்தையை வாசிச்சா. அப்புறம்தான் ஐயர்கிட்ட ஓடினேன். ஒரே மாசத்துல முதல்ல ஒண்ணு, முடிவுல ஒண்ணுன்னு அதே திதி சில வருஷம் ரெண்டு தடவை வரும், அப்படி வந்தா பின்னதுதான் கணக்குன்னார். அப்பா போனதுலேருந்து அவருக்கு இப்படி ஒரு வருஷமும் வந்ததில்ல. என்னைக்கோ வரப்போற வைகாசிக்கு நீ இப்பவே வழி பண்ணி வச்சிருந்திருக்க. அவ்வளவு தூரம் எப்படி அக்கா பாத்த?

திரும்பவும் லீவு கிடைக்குமான்னு தயங்கித்தான் கயல்கிட்ட கேட்டேன்.

"அம்மா ரெண்டு தடவை கூப்பிடுறாங்க மாமா. வராம இருப்பேனா?"ன்னா.

ராத்திரி பஸ் பிடிச்சு வந்துட்டா. விடிஞ்சு போய்ப் பாத்தா ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. இடுப்பளவு தண்ணியில நின்னு கயல் உன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டா. ஆத்துல தண்ணி வரட்டும்னு நீ அந்த மூணு வார்த்தையை எழுதலன்னு தெரியும். இருந்தாலும் அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு.

உன் வரியில அந்த மூணு வார்த்தையைச் சேத்துட்டேன். உன் ஊசிக்கு எழுதியிருந்த மாதிரி எதுவரைக்கும்னு எழுதலாமே, அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டேன். நான் இருக்கற வரைக்கும்னுகூட எழுதல. கயல் போன்லயும் ஏத்தியாச்சு. நான் இல்லாத ஆனியிலயும் அது உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும், யாராவது ஒருத்தர் ஆத்துல இறங்குவாங்க. இது சத்தியம் அக்கா.

ஞாயிறு தவறாம உன் போனுக்குக் காத்திருந்த,
உன் தம்பி