திரெல்பி தேவாலயத்தின் கிழக்குச் சுவரை இடிக்கத் தந்த அனுமதியை விலக்கிக்கொள்ள வேண்டி

அனுப்புநர்:
முனைவர் ரோவெனா தெர்ஸ்பி,
ஆலை வீடு, திரெல்பி.

பெறுநர்:
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலர்,
ஹேவர்வேல் மாவட்ட மன்றம்.

பொருள்: தவறான அறிக்கையை நம்பி வழங்கப்பட்ட இடிப்பு அனுமதி – நீக்கக் கோருதல்.

பார்வை: 1999ஆம் ஆண்டு கட்டட ஆய்வறிக்கை, பக்கம் 14.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கிழக்குச் சுவரில் வழி திறந்து, வெளியே கழிப்பறை கட்ட, தங்கள் அலுவலகம் அனுமதி அளித்துள்ளது. அச்சுவர் 1720க்குப் பின் எழுந்தது, அதை உடைப்பதால் இழப்பு எதுவும் இல்லை என்ற அறிக்கையே அனுமதிக்கு ஆதாரம். அந்த அறிக்கை தவறு. அதை எழுதியவள் நான். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வயதைக் காரணமாகச் சொல்லவில்லை. கோப்பில் அது இல்லாததால் குறிப்பிடுகிறேன்.

2. இங்கே பெனடிக்ட் சபையின் சிறுமடம் ஒன்று நானூறு ஆண்டுகள் இருந்தது. எக்காலத்திலும் நான்கு துறவியருக்கு மேல் இருந்ததில்லை. தனியாகத் தேவாலயம் கட்ட அவர்களுக்கு வசதியில்லை. ஊராருக்கும் இல்லை. ஆகவே ஒரே கட்டடத்தில் கிழக்குப் பாதி துறவியருக்கு, மேற்குப் பாதி ஊராருக்கு. ஊர் மணியோசையில் தங்கள் பாடல் கெடுகிறது என்று துறவியரும், திருநாளன்று தங்களை உள்ளே விடுவதில்லை என்று ஊராரும் மாறி மாறி ஆயருக்கு எழுதினார்கள். 1411இல் ஆயர், நடுவே கற்சுவர் எழுப்பி, ஊராரின் பலிபீடத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு கதவு வைக்கும்படி உத்தரவிட்டார்.

3. அந்த உத்தரவை நான் படித்திருந்தேன். இவ்வளவு சண்டையிட்டவர்கள் சேர்ந்து ஒரு சுவரைக் கட்டியிருக்க மாட்டார்கள், இது பின்னாளில் எழுந்தது என்று முடிவு செய்தேன். சுவரில் அடைபட்டிருந்த இரண்டு வாசல்களைப் பாத்திரம் வைக்கும் மாடங்கள் என்று எழுதினேன். வெளிப்புறம் சுண்ணாம்புப் பூச்சும் படர்கொடியும் மூடியிருந்தன. அதை அகற்றிப் பார்க்கவில்லை.

4. கடந்த திங்களன்று காலை கொத்தனார் கென்ரிக் ஹோல்மன் வேலையைத் தொடங்கினார். ஆறு கற்களை எடுத்ததும் நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்வது முறை என்று கருதுகிறேன்: “சுவத்துக்கு அந்தப் பக்கம் தாழ்க்கட்டை சொருகுற குழி இருக்கு டாக்டர். இந்தப் பக்கமும் இருக்கு. பாத்திரம் வைக்கிற மாடத்துக்கு எவனாவது தாழ்ப்பாள் போடுவானா? அதுவும் ரெண்டு பக்கமும்?”

நேரில் சென்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஊரார் வராதபடி துறவியர் தாழிட்டிருக்கிறார்கள். துறவியர் வராதபடி ஊரார் தாழிட்டிருக்கிறார்கள். ஆயர் உத்தரவிட்ட சுவர் இதுதான்.

5. 1536இல் மன்னரின் ஆட்கள் மடத்தைக் கலைத்துக் கிழக்குப் பாதியை இடித்தபோது, ஊராரின் பாதிக்கு இந்த நடுச்சுவரே கிழக்குச் சுவராக நின்றது. அது இல்லாதிருந்தால் கூரை முழுவதும் போயிருக்கும். மடத்தில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே.

6. தேவாலயக் காப்பாளர் திருமதி மூரியல் ஆட்காக் மீது எனக்குப் புகார் இல்லை. நான் வேலையை நிறுத்தச் சொன்னபோது, “உங்க துறவிங்க செத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகுது. எனக்கு எழுபத்தெட்டு வயசு. ரெண்டு மணி நேரம் ஆராதனை. யாருக்கு அவசரம்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்றார். ஆனால் மறுநாள் அவரே போதகரை அழைத்துவந்து வடக்குச் சுவரைக் காட்டினார். அது 1874இல் கட்டியது. தேதி கல்லிலேயே இருக்கிறது. கழிப்பறையை அங்கே அமைக்க இருவரும் கையொப்பமிட்டுள்ளனர் (இணைப்பு 1). வாசலிலிருந்து அது இன்னும் கிட்டே என்பதை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை.

7. எடுத்த ஆறு கற்களும் உடையவில்லை. ஹோல்மன் அவற்றுக்குச் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டுத் தார்ப்பாயின் கீழ் வைத்திருக்கிறார். அரை நாளில் திரும்பப் பதித்துவிடலாம் என்கிறார். திங்கள் இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. எனினும் அனுமதி இன்னும் நடப்பில் உள்ளது. ஒப்பந்தக்காரர் வரும் திங்கள், 14ஆம் தேதி, வேறு ஆட்களுடன் வருவதாக எழுதியிருக்கிறார். ஹோல்மன் கவனித்ததை அவர்களும் கவனிப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அனுமதியை எழுத்துமூலம் விலக்கி, வடக்குச் சுவருக்கு மாற்றித் தரவும், கற்களைத் திரும்பப் பதிக்கும் பணியை ஹோல்மனிடமே ஒப்படைக்கவும் வேண்டுகிறேன். என் பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து அகற்ற வேண்டாம். அதன் பதினான்காம் பக்கத்தோடு இம்மனுவைத் தைத்து வையுங்கள். அடுத்து அதைப் புரட்டுபவர், என் சொல்லை மட்டும் நம்பாமல், சுவரைப் போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ரோவெனா தெர்ஸ்பி

இடம்: திரெல்பி
நாள்: 9 அக்டோபர் 2024