அப்பா போனில் சொன்ன ஏழு பதில்கள்

படவேடு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததற்கு உடனே எழுதியிருக்க வேண்டும், உங்கள் பள்ளி ஆலோசகர் மேடத்திடம் பேசாமல் எழுதக்கூடாது என்று இருந்துவிட்டேன். "அப்பாகிட்ட குடுக்காதம்மா, நான் பேச மாட்டேன்" என்று நீ சொன்னது பக்கத்தில் நின்ற அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். பிள்ளைகளுக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று அளக்க உங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்களே, 'இல்லை', 'ஓரளவு', 'நிச்சயமாக' என்று பதில் போடும் அதே ஏழு கேள்விகளைப் பெற்றவர்களிடமும் கேட்க வேண்டுமாம். மேடம் போன் செய்தபோது அப்பா கண்ணமங்கலத்தில் டீக்கடையில் இருந்திருக்கிறார், பக்கத்தில் நம் பங்காளி முனிசாமி. அந்த ஆள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இவர் மகளைப் புகழ்வாரா? "மூக்கு மேல கோவம்ங்க மேடம், தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு வுழும், அடங்கவே அடங்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் யார் தன் பிள்ளையை நாலு பேர் எதிரில் மெச்சிக்கொள்கிறார்கள், கண் பட்டுவிடும் என்று கழுதை, குரங்கு என்றுதானே சொல்வோம்? அதையெல்லாம் அந்த மேடம் 'நிச்சயமாக', 'நிச்சயமாக' என்று குறித்து, கூட்டிப் பார்த்து, எரிச்சல் மிகுந்த பிள்ளை, மாநிலப் போட்டிக்குப் போகும் வாலிபால் அணியில் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்!

எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தத் தாளில் அளப்பார்களோ தெரியவில்லை. நேற்றுப் போன் போட்டுக் கேட்டேவிட்டேன். கேள்வி கடந்த ஆறு மாதத்தைப் பற்றியது, ஆறு மாதமாக அவள் உங்கள் விடுதியில் அல்லவா இருக்கிறாள், நாங்கள் பார்த்தது காலாண்டு லீவில் மட்டும்தானே? பிள்ளை தன்னைப் பற்றிப் போட்டது குறைவு, அப்பா சொன்னது அதிகம், ஏன் இத்தனை வித்தியாசம் என்று விசாரிக்கத் தோன்றவில்லையா? நெல்லை எடை போடும்போதுகூடச் சாக்கின் எடையைக் கழிக்கிறோம். நானும் கணக்கில் பட்டம் வாங்கினவள்தான், நீங்கள் கூட்டினது சரி, கூட்டுவதற்கு எடுத்ததுதான் தப்பு என்றேன். அதற்கு மேடம், "அவரு தனியா இருக்காரான்னு கேட்டிருக்கணும்ங்க, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் நேர்ல வாங்க, திரும்பக் கேட்டுட்டு நானே கோச்கிட்ட பேசறேன்" என்றார். அதனால் அவர்மேல் பாதிக் கோபம் குறைந்தது.

மீதிக் கோபம் உன் அப்பாமேல். "நல்ல பொண்ணுன்னு என் வாயால சொல்லி, ஆட்டத்துல காலு கீலு ஒடிஞ்சா இன்னாடி பண்றது?" என்கிறார். உங்க வாயாலதான் இப்ப ஆடவே முடியாம உக்காந்திருக்கா என்று கத்திவிட்டேன். வெகுநேரம் கழித்து, "கோவம் வந்தா கதவ சாத்திக்கும், அப்புறம் தானா வந்து சோறு போட்டுக்கும், யாரையும் ஒரு வார்த்தை வஞ்சதில்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான், அத சொல்லலாமா?" என்று என்னையே கேட்டார். அதைத்தான் கேட்டார்கள் என்றேன்.

உன்னிடமும் திரும்பக் கேட்பார்களாம். பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடாதே. கோபம் வராத பிள்ளை யார்? வருவதை வருகிற அளவுக்கே போடு. தாங்காத அளவுக்கு ஏதாவது இருந்தால் அந்த மேடத்திடமே சொல், கெட்டவள் இல்லை.

தலைக்கு எண்ணெய் வை, நன்றாக ஆடு, நூறு வயசுக்கு நன்றாக இரு. வெள்ளிக்கிழமை பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா நிற்பார், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அந்தப் பதிலை மேடத்திடம் சொல்வதற்கு முன்னால் அவருக்கு உன்னிடம் சொல்ல வேண்டுமாம்.

உன் அம்மா
வசந்தி அருணகிரி