மஞ்சுக் கணவாய்க்கு ஒரு நீகான்

வானம் தொட்டு விளையாடும் வெண்மஞ்சு நாட்டின் வேந்தர் பெருந்தகை வரைக்கோ அவர்களின் திருவடி நிழலில் அமர்ந்து, திருமந்திர ஓலை எழுதும் அமைச்சர் அல்லியங்கோதை, முத்தலைத்துறையின் தலைமை நீகானாய் இருபத்தாறு ஆண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டிய நெடுங்கடலனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊர்க் கிணறுகள் இனிக்குக. இல்லத்தார் நலம் பெறுக.

தங்கள் ஓலை கிடைத்தது. ஆறு திசை மாறியதையும், கடல் ஒரு காதம் பின்வாங்கிப் போனதையும், கப்பல் கட்டிய தூண்களில் இன்று மான்கள் முதுகு தேய்ப்பதையும் அறிந்தேன். பணி கேட்டு எழுதிய நான்கு நாட்டு அவைகளும் மறுமொழி தரவில்லை என்றும், தங்கள் மைத்துனர், மச்சானே, கடலே உம்மை விட்டு ஓடிவிட்டது, இனி என் தினைக்கொல்லையில் கிளி ஓட்ட வாரும் என்று பலர் முன் நகைத்தார் என்றும், இவ்வைந்தாம் ஓலைக்கும் விடை வராவிடில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டை விற்றுவிட்டு அக்கொல்லைக்கே போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அருள்கூர்ந்து விற்க வேண்டா.

அந்த நான்கு அவைகளும் தங்களை மறுக்கவில்லை. அவை தங்கள் பெயரையே கேட்டதில்லை. தங்கள் ஐந்து ஓலைகளையும் சுமந்து சென்ற தூதர் கூத்தனாரை வினவியபோது, தலை கவிழ்ந்து உண்மை உரைத்தார். மூடிப்போன துறையின் முத்திரையையே தாங்கள் இன்னும் களிமண்ணில் பதித்து அனுப்புகிறீர்கள். மலைநாட்டு வாயில்களிலோ, மறைந்த துறையின் முத்திரையை இறந்தவர் குரலாகவே கொள்வர். பிரிக்காமல், ஒரு பூவைச் செருகி, ஆற்றில் விட்டுவிடுவர். சொன்னால் ஐயாவின் மனம் தாங்குமோ என்று அஞ்சிக் கூத்தனார் வாய் திறக்கவில்லையாம். எங்கள் வாயிலிலும் அதுவே வழக்கம். ஆனால் மூன்று நாள் மஞ்சின் ஈரப் பனிக்குள் நடந்து வந்ததில் களிமண் கரைந்து ஒழுகிவிட்டது. யாருடைய ஓலையோ என்று பிரித்துவிட்டார்கள்.

பிரித்த பின்பும் பிழை உண்டு, சொல்வதைப் பொறுத்தருள்க. பதினொரு பட்டங்கள் முதல் ஏட்டை அடைத்திருக்கின்றன. அவற்றைத் தந்த மன்னர்களை இங்கு யாரும் அறியார். எந்த வேலையும் செய்வேன் என்று முடித்திருந்தீர்கள். அதைக் கேட்ட வாயிலோர், அப்படியானால் தண்ணீர் சுமக்கட்டுமே என்றனர். ஏட்டின் ஓரத்தில் இடமின்றி நெருக்கி எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. கண் தெரியாத பனியில், கரை நாய்களின் குரைப்பையும் சேற்றின் மணத்தையும் கொண்டு ஏழு கப்பல்களைக் கரை சேர்த்தேன், எட்டாவது தரை தட்டியது என்ற வரி. இனி எங்கு எழுதினாலும் அதை முதலில் எழுதுக. எட்டாவதை மறைக்க வேண்டா. அது இருந்ததால்தான் மற்ற ஏழும் மெய் என்று நம்பினேன்.

எங்கள் நாட்டிலும் ஒரு கடல் உண்டு. வைகறையில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு எழும். கோபுர முனைகள் தீவுகளாய் மிதக்கும். தம் கை தமக்கே தெரியாத வெண்மையில், ஒருவர் மேல் ஒருவர் மோதாதிருக்க, மக்கள் மெல்லப் பாடிக்கொண்டே நடப்பர். சென்ற மார்கழியில் உப்புப் பொதிமாடுகளோடு வந்த வணிகச் சாத்து ஒன்று வழி தவறிப் பள்ளத்துள் இறங்கியது. மூன்று நாள் மணியோசை மட்டும் மேலே வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. அன்று முதல் கணவாய்க்கு வழிகாட்டி தேடுகிறோம்.

இது கொடையன்று. இம்மலையிலேயே பிறந்த வேடர் இருவரும் இப்பணியைக் கேட்டுள்ளனர். தாங்கள் தோற்கவும் கூடும். தோற்றால், எதனால் தோற்றீர்கள் என்பதை யானே என் கைப்பட எழுதித் தருவேன், மௌனத்தை அனுப்பமாட்டேன்.

தைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் விடியலில் கணவாய் அடிவாரத்துக்கு வருக. மஞ்சினூடே பொதிமாடுகளைக் கணவாய் கடத்திக் காட்டுவதே மூவர்க்கும் தேர்வு. வேந்தர் திருவாய்மொழிந்தபடி அல்லியங்கோதை எழுதி, மலைமுத்திரை அரக்கில் இட்டது.

கணவாய்க் காவலர்க்கும் இதுவே ஆணை: இவ்வோலை காட்டுபவரிடம் ஊரும் பட்டமும் வினவற்க. முதல் மாட்டின் மூக்கணாங்கயிற்றை அவர் கையில் கொடுத்து, அவர் பின்னே நடக்க.