இரண்டாம் தடவை கேட்கிறவள்

சிட்டு,

காற்றுச் சத்தம் விழாமல் இருக்க உன் மைக்குக்கு மாட்டுவாயே, சாம்பல் நிறத்தில் ஒரு ரோமத் தொப்பி, அதை இன்று அடுப்புப் பக்கம் காய வைத்தேன். இந்த மழைக்குத் தோட்டத்து லய வீடுகளில் எல்லாமே பூஞ்சை பூத்துப் போகிறது. துணி, செருப்பு, சாமி படம் எதுவும் தப்பவில்லை. சூடு ஏறினதும் தொப்பியிலிருந்து ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் வாசனை வந்தது. விறகுப் புகையும் பச்சைக் காயும் கலந்த அந்த வாசனையிலேயே பிறந்து வளர்ந்ததால் எனக்கு அது மூக்குக்குத் தெரியவே தெரியாது. இன்று தெரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் பழசையும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. சிரிக்காமல் படி.

பாலக்காட்டுக் கல்லூரியில் படித்துவிட்டு, அங்கேயே ஒரு சின்ன இணையச் சேனலில் வேலைக்குச் சேர்ந்து, முதல் தடவை கேமராவோடு நீ லயத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சி சின்னம்மாதான் வாயைத் திறந்தது.

"என்னடி, கல்யாண வீடியோ எடுக்க வந்தியா? எனக்கு மறு கல்யாணம் எதுவும் பேசி வச்சிருக்கியா?"

"மாப்பிள்ளை கிடைச்சாச் சொல்றேன் சின்னம்மா. பல்லு இருக்கணுமா, வேண்டாமா?"

"பல்லு வேண்டாம்டி. பேச்சு வராதவனாப் பாரு. பேச நான் இருக்கேன்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் உன் படம் ஆரம்பித்தது. நம் ஏலத் தோட்டத்தில் இன்றைக்குப் பூச்சி மருந்தடித்தால் நாளைக் காலையில் அதே செடிக்கு அடியில் எங்களைக் காயெடுக்க உட்கார வைப்பார்கள். இலையில் ஈரம் இருக்கும். கண் எரியும், விரல் தோல் உரியும். இது வேலையோடு வருகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நீதான் முதலில் ஏன் என்று கேட்டாய்.

நீ கேட்கிற விதமே வேறு. பேச்சி சின்னம்மா, "மருந்தாலதான்டி எனக்கு மூச்சு முட்டுது" என்றது. நீ உடனே கேமராவை இறக்கிவிட்டு, "தெரியுமா, தோணுதா?" என்று கேட்டாய்.

"தோணுதுடி. தெரியணும்னா நான் டாக்டருக்குல்ல படிச்சிருக்கணும்."

"அப்ப தோணுதுன்னே சொல்லுங்க. டாக்டர்ட்ட நான் தனியாக் கேக்குறேன்."

கேட்கப் போனாய். கேமரா இல்லாதவரைக்கும் எல்லாம் சொன்ன டாக்டர், கேமராவைப் பார்த்ததும் மேலிடத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னார். அந்த மேலிடம் எது என்று கடைசிவரை உனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் வராந்தாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து உன் கால் வீங்கி வந்த நாட்கள் உண்டு. ஆனைக்கரைக் கடைத்தெருவில் அரை ஏக்கர் ஏலம் வைத்திருக்கிற ஒருத்தர் உன்னை வழிமறித்துக் கத்தினார். "ஏலத்துக்குக் கெட்ட பேரு வந்தா மொதலாளி பொழைச்சுக்குவான். என் வீட்டு அடுப்புல உலை கொதிக்குமா?" உன் கூட நின்ற நான் சண்டைக்குப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். வீட்டுக்கு வந்த பிறகு, "அந்தாளு சொல்றதும் நெசந்தான்க்கா. அதையும் படத்துல வைக்கணும்" என்றாய். திட்டினவனுக்கும் படத்தில் இடம் கொடுப்பாளா ஒருத்தி என்று எனக்கு அன்றைக்குக் கோபம். இப்போது நினைத்தால், உன் படத்தை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியதே அன்றைக்குத்தான்.

அப்புறம் அந்தத் தப்பு நடந்தது.

படம் முடியும் முன்னால் கொஞ்சத்தை வெட்டி, சேனலில் முன்னோட்டமாகப் போட்டாய். அதில் பேச்சி சின்னம்மா பேசுகிறது. முகத்தைத் தெரியாதபடி கலைத்திருந்தாய், குரலை மாற்றியிருந்தாய். போடுவதற்கு முன்னால் நம் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டினாய். சின்னம்மாவும் பார்த்தது. "நான்தான்னு எனக்கே தெரியலடி" என்று கெக்கெக்கே என்று சிரித்தது. அதன் இடுப்பில் இருந்த துணி யார் கண்ணிலும் படவில்லை. காய்ப்பையைக் கட்டுவதற்கு, செத்துப்போன சித்தப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட கைலியைக் கிழித்து வைத்திருந்ததே, அது. "மனுசன் போயும் இடுப்ப விட மாட்டேங்குறாரு" என்று தினமும் அந்தத் துணியைக் கட்டும்போது சொல்லும். நாமும் தினமும் சிரிப்போம். தினமும் பார்ப்பதாலேயே அது நம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, "பச்சைக் கட்டம் மட்டும் நில்லு" என்றார்.

சின்னம்மாவுக்கு வேலை போயிற்று. லயத்து வீடு தோட்டத்துடையது, அதுவும் போயிற்று. ஆனைக்கரையில் இருக்கிற மகள் வீட்டுக்குச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்கியது. உனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சேனல்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் வீடியோவை எடுத்துவிட்டார்கள். கேமராவை விசாரணைக்கு என்று ஸ்டேஷனில் வாங்கி வைத்தார்கள். திருப்பித் தந்தபோது உள்ளே கார்டு இல்லை. முகம் தெரியாதவர்கள் உன் போனில் எழுதிய அசிங்கத்தை நான் வாசித்துவிடக் கூடாது என்று நீ மறைத்தாய். நான் எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறவள் என்பது உனக்கு மறந்துபோயிற்று. இதெல்லாம் வந்தபோது நீ அழவில்லை. பச்சைக் கட்டத்துக்குத்தான் அழுதாய்.

மகள் வீட்டு வாசலில் நம் இரண்டு பேரையும் பார்த்ததும் சின்னம்மா சொன்னது: "மூஞ்சிய மறைச்சவ இடுப்ப மறக்கலாமாடி?"

நீ தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாய்.

"சரி விடு. போனது போயிருச்சு. இனிமே எதுக்கு ஒளிவு மறைவு? என் மூஞ்சியவே போடு. ஊரு பூராம் பாக்கட்டும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நீயோ கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இப்பக் கோவத்துல சொல்றீங்க சின்னம்மா. கோவம் ஆறட்டும். இன்னொரு தடவை வந்து கேப்பேன். அப்பவும் சரின்னாப் போடுறேன்."

"அப்ப வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னாப் போட மாட்டேன்."

"என்ன பொழப்புடி இது" என்று சின்னம்மா நெற்றியில் அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அதுவே உன் வழக்கமாகிவிட்டது. பேசினவர் எல்லாரிடமும் நாள் விட்டு, கையில் கேமரா இல்லாமல் போய், இரண்டாம் தடவை கேட்பாய். அதில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். உன் படம் சுருங்கிக்கொண்டே வந்தது. நீ விடவில்லை.

சின்னம்மாவிடம் கேட்கத்தான் உனக்கு நாள் கிடைக்காமல் போயிற்று.

நீ போன பிறகு ஒரு சேனல்காரன் வந்தான், சிட்டு. மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "உங்க தங்கச்சியத் தோட்டத்துக்காரங்கதான் கொன்னுட்டாங்கன்னு ஜனங்க பேசுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே உன் பெயர் எல்லா இடத்திலும் வந்திருக்கும். எனக்கு ஆத்திரமும் இருந்தது. ஆனால் தெரியுமா, தோணுதா என்று நீ கேட்கிற குரல் காதில் விழுந்தது. "அவளுக்கு மஞ்சக்காமாலை. கண்ட எடத்துல தண்ணி குடிச்சா, கண்ணு மஞ்சளாகியும் பாக்காமத் திரிஞ்சா. யாரும் கொல்லல" என்றேன். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மைக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன மாதம் சாஜன் வந்தான். பாலக்காட்டில் உன்னோடு வேலை பார்த்து, உன் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பையன். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "சேச்சி, படம் ஏறக்குறைய முடிஞ்சது கேட்டோ. பேச்சியம்மா முகம் காட்டுற சீன் மட்டும் பாக்கி. அது இல்லாம படம் நிக்காது" என்றான். காட்டுவதற்குப் பாலக்காட்டில் பேசி வைத்திருந்த ஹாலும் போய்விட்டதாம். யாரோ போன் செய்தார்களாம், உடனே ஹாலில் ரிப்பேர் வந்துவிட்டதாம். மீனாட்சிபுரத்தில் மாடு வைத்திருக்கிற ஒரு விவசாயிதான் இடம் தருகிறார். அவர் போனில் பேசியதை எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஊட்டு முன்னாடி களம் சும்மாதானுங்க கெடக்குது. ரெண்டு வேட்டியக் கட்டுனாத் தெரையாச்சு. எவன் என்ன பண்ணீருவான்? வாங்க, பாத்துக்கலாம்."

சாஜன் வந்து போனது மேனேஜர் காதுக்கு எட்டிவிட்டது. கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "தங்கச்சி போயிட்டா, பாவம். இனி எதுக்கு வம்பு? அந்தப் பையன்ட்ட இருந்து டிஸ்க்கை வாங்கியாந்து குடுத்துரு. நீ பாட்டுக்கு லயத்துல இரு, வேலையப் பாரு."

"குடுக்கலைன்னா?"

"லயம் தோட்டத்தோடது. உனக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்கரைக்குப் போனேன். நீ கேட்க வேண்டியதை நான் கேட்கப் போனேன். சின்னம்மா வாசலில் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் அந்தப் பச்சைக் கட்டம் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த காயை முறத்தில் போட்டது.

"வேண்டாம்டி" என்றது. "மருமகனுக்கும் ஏலந்தான் சோறு. இவுக வீட்டுல இருந்துக்கிட்டு நான் மூஞ்சியக் காட்டினா நல்லாருக்காது."

"சரி சின்னம்மா."

"அம்புட்டுதானா? கட்டாயப்படுத்த மாட்டியா?"

"அவ கட்டாயப்படுத்தியிருப்பாளா?"

சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. "மாட்டா. கிறுக்கி. வேண்டாம்னு சொல்றதுக்குன்னே எனக்கு ஒரு நாள் விட்டு வச்சிட்டுப் போயிருக்கா பாரு."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். சின்னம்மா சொன்னதில் எனக்கு நடக்காதது எது? கண் எரிந்தது எனக்கும்தான். தோல் உரிந்தது எனக்கும்தான். மருந்தடித்த மறுநாள் அதே செடியின் காய்ச்சரத்தில் காயெடுத்து, செடிக்கு அடியிலேயே வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தவள் நான். அத்தனை வருஷம் நீ கேமராவைத் தூக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அக்கா, ஒரு தடவை இங்க பாரேன்" என்று கெஞ்சுவாய். போடி, சோற்றைத் தின்னு என்பேன். இனி எதற்குத் திருப்ப வேண்டும்? சின்னம்மாவுக்கு மகள் வீடு இருக்கிறது, அங்கே மருமகன் இருக்கிறார். என் முகத்தால் கெட்டுப்போக இங்கே யாரும் இல்லை.

சாஜனை வரச் சொன்னேன். குழாயடிக்கு மேலே உள்ள மேட்டில், லயம் முழுக்கப் பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். உன் மைக், அதில் இந்தத் தொப்பி. முகத்தைக் கலைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கு நடந்ததை நடந்தது என்றும், தோன்றுவதைத் தோன்றுகிறது என்றும் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். நீ சொல்லிக் கொடுக்காமலே உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது. அரை ஏக்கர்காரர் கத்தினதையும் சேர்த்துச் சொன்னேன். பேசி முடித்ததும் குழாயடியில் நின்ற ஒருத்தி, "யக்கா, வீடு போயிரும்க்கா" என்றாள். "போகும்" என்றேன்.

சாமான்களைக் கட்டி வைத்துவிட்டேன், சிட்டு. உன் துணிகளை ஒரு மூட்டையில், என் துணிகளை ஒரு மூட்டையில். மீனாட்சிபுரத்தில் படம் போடுகிற அன்று முன்னால் போய் உட்காரப்போகிறேன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். அதற்குப் பிறகு எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை. கை இருக்கிறது, வேலை கிடைக்கும். இந்தத் தொப்பி மட்டும் மூட்டைக்குள் போகாது. என் மடியில் வரும்.

பேசின அன்று சாஜன் கேமராவை மூடிவிட்டு, "மதி சேச்சி, நன்னாயிட்டுண்டு" என்று கிளம்பிவிட்டான். போதுமாம், நன்றாக வந்திருக்கிறதாம். நல்ல பையன்தான். திரும்ப வந்து கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து நான் காத்திருக்கிறேன். கோபம் ஆறிவிட்டது. துக்கம் ஆறாது, ஆனால் கலங்கல் தெளிந்திருக்கிறது. இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், செடிக்கு அடியில் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் என்ன சொன்னேனோ அதே பதில்தான் இப்போதும் வருகிறது. பதில் தயாராக இருக்கிறது. கையில் கேமரா இல்லாமல் வந்து, இந்த அடுப்புப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அக்கா, நெசமாவா?" என்று அந்த இரண்டாம் தடவையை என்னிடம் யாரடி வந்து கேட்பது?