முகட்டில் ஒரு முழம்

கொல்லம் 1108, மார்கழி 9

வாடை. கீரிப்பாறைக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு உதவி மேற்பார்வையாளனாக வந்த பிறகு இப்படி விரல் விறைத்ததில்லை. தேங்காயெண்ணெய் குப்பியிலேயே உறைந்துவிட்டது.

கிராம்பு நாற்றுக்கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. தட்டி, கூரை, கதவிடுக்கு எல்லாவற்றையும் சாக்கு திணித்து அடைத்திருக்கிறான் காவல்காரன் தங்கையன். நடுவில் இரண்டு சட்டி நிறையச் சிரட்டைக்கரிக் கனல். கூரை ஓலையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஒரு பாத்தி முழுக்க அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. மற்றதில் இலை மஞ்சள்.

"யாருடே அடைக்கச் சொன்னது?"

"பெத்தவள வச்சிருக்க மாதிரில்லா வச்சிருக்கேன் சாரே. ஒரு பொட்டு காத்து கேறாது."

பெருமை வேறு. போன வாரம்தான் அவன் பெண்டாட்டி செல்லம்மைக்கு ஆண் குழந்தை. குளிருக்குப் பயந்து அவளை வைத்திருப்பதும் இப்படித்தானாம். குழந்தை எப்படி என்றேன்.

"கரச்சலே கெடையாது, அழவே மாட்டான். அவளுக்குத்தான் தலைவலி."

சுக்குக் காப்பி கொடு என்றேன். சாக்கையெல்லாம் பிடுங்கி எறியச் சொன்னேன்.

மார்கழி 10

கொட்டில் வேலை. காற்று வரும் வடக்குப் பக்கம் தட்டி அப்படியே. தெற்குச் சரிவில் முகட்டோலையை ஒரு முழம் தூக்கி முட்டுக் கொடுத்தாயிற்று. ஈரச்சூடு மேலே போய்விடும், குளிர் நாற்றில் நேராக அடிக்காது. வெயில் ஏறியதும் திறப்பு, சாயும் முன் அடைப்பு. கனல் கூடாது. பதிலாகப் பானைகளில் வெந்நீர். இவ்வளவுதான். இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

களை பறிக்கும் பெண்கள், என் காதில் விழவே:

"படிச்சவரு கூரையைப் பிரிக்காரு. மழை வந்தா?"

"நாத்துக்குக் குடை பிடிப்பாரு மக்கா."

மார்கழி 11

புதிதாக எதுவும் சாயவில்லை. மண் மேல்தோல் காய்ந்திருக்கிறது. நல்லது.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, கம்பளி.

மாலையில் தங்கையன் வந்து தலையைச் சொறிந்தான். கொட்டிலில் சட்டி ரெண்டும் சும்மாதானே கிடக்கிறது, வீட்டுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா, வீட்டில் இருக்கிற ஒரு சட்டிக் கனல் போதாமல் செல்லம்மை கிடந்து விறைக்கிறாள் என்றான். எடுத்துக்கொள் என்றேன். கரியும் கொடுத்தேன்.

மார்கழி 12

உச்சி வெயில். முகட்டின் கீழ் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்று மேலே போகிறதா என்று. த. பக்கத்தில் நின்று சொன்னான்:

"பய பாலுக்கும் முழிக்கல்ல சாரே. ஒறக்கம்தான்."

மஞ்சள் இலை. தலைவலி. உறக்கம். அடைத்த வீட்டில் நான் கொடுத்த கரியின் நஞ்சு. ஓடினேன்.

கூலிக்காரர் குடியிருக்கும் லைனில் கடைசி வீடு. ஜன்னல் கிடையாது. வாசலில் செல்லம்மையின் தாய். கதவைத் திற என்று கத்தினேன். தீட்டு வீடு, ஆம்பிளை கேறப்பிடாது, காத்து பட்டா பெண்ணுக்கு ஜன்னி வந்துரும் என்று குறுக்கே நின்றாள். வாதாட நேரமில்லை. பின்பக்கமாகக் கூரையில் ஏறி முகட்டோலையைப் பிரித்தேன். கொட்டிலில் அடித்த அதே சூடு முகத்தில்.

கீழே அவள்: "எவம்லே கூரையில கேறுனது? சின்ன சாரா? பெத்த பெண்ணு கெடக்க வீட்டுக்கு மேலயா கேறுவிய?"

அதற்குள் த. அவளை விலக்கிக் கதவைத் தள்ளிவிட்டான். முதலில் சட்டிகளை வெளியே எறிந்தான். பிறகு இருவரையும் தூக்கி வந்தான். செல்லம்மை வாந்தியெடுத்தாள், தண்ணீர் கேட்டாள். பிழைத்துக்கொள்வாள்.

குழந்தை சிவப்பாக, அழகாக இருந்தது. பாலாடையில் பால் வைத்தார்கள். இறங்கவில்லை.

மார்கழி 13

காலையில் பலாமரத்தடியில் அடக்கினார்கள். பெயர் இட்டிருக்கவில்லை.

செல்லம்மை வெளிச்சுவரில் சாய்ந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்:

"கூரையைப் பிரிச்சதுல காத்தடிச்சுப் போச்சு எம்பிள்ளை."

லைன் முழுவதும் அதே பேச்சு. களை பறிக்கும் பெண்கள் என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கேலி கூட இல்லை. சாப்பிடவில்லை.

கொட்டிலைத் திறக்க ஆளில்லை. நானே ஏறித் திறந்தேன்.

மார்கழி 14

வாடை குறையவில்லை. வெயில் ஏறியதும் கொட்டிலுக்குப் போனேன். வாசலில் அந்த இரண்டு சட்டிகள், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. த. கூரை மேல் நின்றிருந்தான். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டான்:

"எம்புட்டு தெறக்கணும் சாரே?"

ஒரு முழம் என்றேன்.