நிப்பாட்டச் சொன்னவளுக்கு

நேற்று முழங்கால் நோவுக்குப் பிசியோதெரபிக்குப் போனேன். அறை முழுக்கத் தைல வாசனை. அந்தப் பெண் போர்த்திக்கொள்ள ஒரு துவாயைத் தந்துவிட்டு வெளியே போய், கதவைத் தட்டிக் கேட்டுத்தான் திரும்ப உள்ளே வந்தாள். இந்த இடத்தில் கை வைக்கலாமா, வேண்டாமென்றால் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடுவேன் என்றாள். உன் நினைவு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிது. கிங்ஸ்பரியில் ஒரே தொழிற்சாலையில் நமக்குப் பெட்டிகளில் சாமான் அடுக்கும் பக்கிங் வேலை. உன் வலது தோள் தூக்க ஏலாமல் போனபோது, கடைக்கு மேல்மாடியில் மசாஜ் செய்கிற மனிதரிடம் கூட்டிப் போனது நான்தான். சுவரில் சான்றிதழ், பக்கத்தில் சாமிப் படம். நம் ஊர்க்காரர். எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் நாள் பஸ் தரிப்பில் மெதுவாகக் கேட்டாய். "அக்கா, தோளுக்குத்தானே போனனான். ஏன் எல்லாத்தையும் கழட்டச் சொன்னவர்? கதவை ஏன் பூட்டினவர்?"

"அது வைத்தியம். அண்ணை எண்டு கூப்பிடுற மனிசன் பிழையா நடப்பாரே?" என்றேன். மனம் ஒன்று நினைக்க, வாய் முந்திக்கொண்டது.

மடைச்சி நான், அடுத்த கிழமையும் உன்னை அனுப்பினேன். நான் வெளியே கதிரையில் இருந்தேன். பத்து நிமிடத்தில் பூட்டுத் திறந்தது. சட்டையைக் கையால் பொத்திப் பிடித்தபடி வந்தாய்.

"கை தோளில இல்லை, அக்கா. ரெண்டு தரம் நிப்பாட்டச் சொன்னன். இதுவும் வைத்தியம்தான் எண்டவர். எழும்பி வந்திட்டன்."

"ஒருத்தருக்கும் சொல்லாத." இதுதான் நான் சொன்ன ஆறுதல். உன் பேர் கெடும் என்று பயந்தேனா, கூட்டிப்போன என் பேர் கெடும் என்றா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. மற்றப் பெண்கள் அந்தப் படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நாம் வேலைக்குப் போனோம். நீ கோபிக்கவும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தாய். மன்னித்தாயா, இவளிடம் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டாயா?

உன் செத்தவீட்டில் உன் மகள் கேட்டாள். "அன்ரி, நான் டொக்டரிட்டப் போனால் அம்மா ஏன் எப்பவும் உள்ளுக்கு வந்து நிண்டவ?" அன்றைக்கு மழுப்பினேன். இன்று காலை அவளுக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீங்கள் ஏன் அம்மாவை நம்பேல்லை?" என்றாள்.

உன்னை நம்பினேன், தங்கச்சி. முதல் நாள் பஸ் தரிப்பிலேயே நம்பினேன். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.